மஞ்சள் பெட்டிக் கம்பி

சத்தம் சரியில்லை. வெல்டிங் டார்ச்சின் விசையை அழுத்தி ஒரு சாண்கூட நகரவில்லை, அதற்குள் காது சொல்லிவிட்டது, இது அந்தக் கம்பிதான். நல்ல கம்பி இப்படிக் கத்தாது. நல்ல கம்பி எரியும்போது உஸ்ஸென்று ஒரே சீராக ஒரு இரைச்சல், அவ்வளவுதான், கொஞ்ச நேரத்தில் அது கேட்பதே மறந்துபோகும், ஹெல்மெட்டின் இருட்டுக்குள் நானும் அந்த வெளிச்சமும் மட்டும் இருப்போம், கம்பி நுனியிலிருந்து உருகிய இரும்பு பொடிப்பொடித் துளியாக, கண் பிடிக்க முடியாத வேகத்தில், நேர்கோட்டில் இறங்கும். இது அப்படியில்லை. பொட்டென்கிறது, நிற்கிறது, மறுபடி பொட் பொட்டென்கிறது. கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், கம்பி நுனியில் துளி ஊதிக்கொண்டே போகிறது, மிளகு அளவுக்கு வந்துவிட்டது, விழு சனியனே என்றால் விழ மாட்டேன் என்று ஒருபக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது, உள்ளே ஏதோ பொங்கி டப்பென்று வெடித்துப் பாதி கீழே விழுகிறது, மீதி நாலாபக்கமும் தெறிக்கிறது. ஒரு பொறி கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே போய்விட்டது. சுடட்டும். கையை அசைத்தால் ஜாயிண்ட் கோணும், அசைக்க மாட்டேன். சித்திரை மாதத்து மத்தியானம், துவாக்குடித் தகரக் கூரை, தோல் அங்கி, இதற்குள் வேகிறவளுக்கு ஒரு பொறி பெரிய விஷயமா. பெரிய விஷயம் வேறு. இந்தத் தொட்டி. ஏதோ ஒரு நூற்பாலைக்குப் போகிற காற்றுத்தொட்டி, உள்ளே காற்றை அழுத்தி அடைத்து வைப்பார்கள், வயிற்றை நீளவாக்கில் மூடுகிற ஜாயிண்ட் இது, கீழ் அடுக்கு காலையிலேயே பழைய கம்பியில் போட்டாகிவிட்டது, மேலடுக்கை நான் போட வேண்டும், டீ பெல் அடிப்பதற்குள் முடிக்க வேண்டும், முடித்துப் பக்கத்தில் என் நம்பரைக் குத்த வேண்டும். நாளைக்கு ஜாயிண்டுக்கு எக்ஸ்ரே படம். படம் நன்றாக வந்தால் என் புருஷன் ஒழிந்தான்.

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார் கலியமூர்த்தி சார், எங்கள் சூப்பர்வைசர். அவருக்கு எதையும் சிரித்துக்கொண்டே சொல்ல வரும். "உன் வீட்டுக்காரரு விட்ட எடத்தை நீயே புடிச்சுக்கம்மா ஜெசிந்தா, வேற ஆளப் போட்டா அவருக்குத்தான சங்கடம்." என்ன அக்கறை, என்ன அக்கறை. அதுவரை நான் அந்தக் கோடியில் பைப் செக்‌ஷனில் ஆர்கான் வெல்டிங்கில் இருந்தேன், அங்கே வேறு கம்பி, வேறு கதை. தடுப்பு வைத்த இந்த வெல்டிங் கூண்டு அடைக்கலத்தினுடையது. அடைக்கலம் என் புருஷன், பதினேழாம் நம்பர். எங்கள் ஷெட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு, ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர், போட்ட ஜாயிண்ட் பக்கத்தில் எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்து அந்த நம்பரைப் பதிக்க வேண்டும், அந்த இரும்பு எந்த ஊருக்குப் போனாலும் யார் போட்டது என்று கேட்டால் நம்பர் பதில் சொல்லும். அவர் பதினேழு, நான் இருபத்து மூன்று. கல்யாணத்துக்கு முன்னால் பயிற்சி வகுப்பில் அவர் என்னிடம் முதன்முதலில் பேசிய வாக்கியமே, "இருபத்தி மூணு, உங்க பீடு நேரா இருக்கு, ஆனா கடைசியில குழி விடுறீங்க" என்பதுதான். பீடு என்றால் உருகி உறைந்த இரும்பு வரி. வேறு எவனாவது இப்படிப் பேச்சை ஆரம்பிப்பானா. இப்போது அந்தப் பதினேழைப் புது ஆளுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். "இந்தத் தொட்டிப் படம் வரட்டும்மா. அதே கூண்டு, அதே மிஷினு, அதே கம்பி. நீ போட்டு பாஸாச்சுன்னா அப்புறம் பேச்சே இல்லியே." சார் சிரித்தார். நானும் சரிங்க சார் என்றேன். ஏன் சொன்னேன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க எனக்குத் தெரியாதா, தெரியும், வீட்டில் பாத்திரம் கழுவும்போது எல்லாம் அழகாக வரும், அவர் முன்னால் மட்டும் சரிங்க சார்.

விசையை ஒரு தடவை விட்டு மறுபடி அழுத்துகிறேன், டார்ச் கொஞ்சம் கிட்டே போகிறது. தெறிப்பது குறைகிறது. மாத்திரைக்காரன், என்று என் புருஷனைத் திட்டுகிறேன், ஹெல்மெட்டுக்குள் திட்டினால் யாருக்கும் கேட்காது, என் மூச்சே என் முகத்தில் சூடாகத் திரும்பி வருகிறது. நரம்பு மாத்திரை. கை நடுங்குகிறதாம், டாக்டரிடம் இவரே போய்ச் சொல்லி வாங்கி வந்திருக்கிறார். எந்தக் கை நடுங்குகிறது, காட்டுங்கள் பார்க்கலாம். தினமும் காலையில் அடுப்படியில் நின்று டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் பிடித்துக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். தண்ணீர் அசையாது. ஒரு சொட்டு சிந்தாது. நான் தோசையைத் திருப்புவதா இவரைப் பார்ப்பதா. "இப்ப நடுங்கல, ஆனா ஆர்க் அடிக்கும்போது நடுங்குதோ என்னமோ" என்பார். போன வாரம் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டம்ளரைத் தட்டிவிட்டேன், சுவரெல்லாம் தண்ணீர், அவர் துணியை எடுத்துத் துடைத்தார். திட்டியிருக்கலாம். ஒரு அடி அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது, அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே கோபம் வந்தது, அடிக்கிற ஆள் என்றால் நான் என்றைக்கோ சட்டியைத் தூக்கி மண்டையில் போட்டிருப்பேன். ஆனால் துடைக்கிறாரே. குனிந்து, ஓரத்தில் எல்லாம் விட்டுப்போகாமல், சுத்தமாகத் துடைக்கிறாரே. இதை எங்கே போய்ச் சொல்வேன்.

ஊதிக் காட்டு என்றார்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை. அவருடைய ஜாயிண்ட் படத்தில் பொத்தல் பொத்தலாக வந்தது, உள்ளே ஊசி குத்திய மாதிரி காற்றுக் குமிழ், ஒன்றல்ல, ஜாயிண்ட் நெடுக. மறுபடி போட்டார், மறுபடி பொத்தல். மூன்றாவதாகப் போட்டதும் அப்படியே. அன்றைக்குக் கலியமூர்த்தி சார் எல்லார் முன்னாலும், "அடைக்கலம், தப்பா நெனைக்காத, ஒருவாட்டி ஊதிக் காட்டு" என்று மூக்கை நீட்டினார். இந்த மனுஷன் குடித்து நான் பார்த்ததில்லை. என் தம்பி கல்யாணத்தில் ஒரு டம்ளர் பீரை வாங்கி வைத்துக்கொண்டு அது சூடாகிற வரை கையிலேயே வைத்திருந்து கடைசியில் வேப்ப மரத்துக்கு ஊற்றினவர். அவரைப் போய் ஊது என்கிறான். நான் கோடியில் நின்று பார்க்கிறேன், ஹெல்மெட்டைத் தூக்கி நெற்றிமேல் வைத்துக்கொண்டு பார்க்கிறேன். ஊதாதீங்க, ஊதாதீங்க, போடா என்று சொல்லிவிட்டு வாங்க, நாம் வேறு இடம் பார்ப்போம். ஊதினார். வாயை நன்றாகத் திறந்து, டாக்டரிடம் காட்டுவதுபோல, ஊதினார். சார் மோந்து பார்த்துவிட்டு, "வாசம் இல்ல, அப்ப நரம்புதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் இல்லை, பக்கத்துக் கூண்டு சாகுல் சிரிக்கவில்லை, அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. சாயங்காலமே டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு கையில் கிரைண்டரைக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் போட்ட ஜாயிண்டில் ஒட்டியிருக்கிற தெறிப்பை எல்லாம் தேய்த்து எடுத்து, இன்ஸ்பெக்டர் வருவதற்குள் பளபளவென்று ஆக்கி வைக்கிற வேலை. அதையும் சுத்தமாகச் செய்கிறார்.

கம்பிமேல் சந்தேகம் வரவில்லையா என்றால் வந்தது. "கம்பி வேற மாதிரி இருக்கு ஜெசி" என்று முதல் நாளே சொன்னார். நீலப் பெட்டியில் வந்துகொண்டிருந்தது மஞ்சள் பெட்டியில் வர ஆரம்பித்த சமயம் அது. அவருக்கு இந்தக் கம்பிப் பேச்சு என்றால் சாப்பாடு வேண்டாம். இரும்பு உருகும்போது அதில் ஆக்சிஜன் புகுந்துகொள்ளும், கம்பியில் சிலிக்கானும் மாங்கனீசும் போதுமான அளவுக்கு இருந்தால் அவை முந்திக்கொண்டு அந்த ஆக்சிஜனைப் பிடித்துக் கண்ணாடியாக மாற்றி மேலே மிதக்கவிட்டுவிடும், பீடு ஆறினதும் அதன்மேல் பழுப்பாகக் கண்ணாடிச் செதில் கிடக்கும், நகத்தால் தட்டினால் தெறித்து விழும், அதைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்கும். அவை குறைந்தால் கம்பியில் இருக்கிற கரி ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகிவிடும். துளிக்குள்ளேயே வாயு. துளி ஊதும், தொங்கும், வெடிக்கும், கீழே விழுந்த இரும்புக்குள்ளும் குமிழ் மாட்டிக்கொள்ளும். இதைச் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே எனக்குச் சொல்லத் தெரிந்த ஆள், கலியமூர்த்தி சாரிடம் போய்க் கம்பி வேறு மாதிரி இருக்கு சார் என்று ஒரே ஒரு வரி சொன்னார். சார் திருப்பிக் கேட்டார், "எல்லாருக்கும் அதே கம்பிதான்ப்பா. அவங்கெல்லாம் பாஸ் ஆகலியா?" அவ்வளவுதான். என் புருஷன் யோசித்தார். ஆமாம், எல்லாரும் பாஸ், நான் மட்டும் ஃபெயில், அப்படியென்றால் கோளாறு என்னிடம்தான். கணக்குச் சரியாக இருக்கிறதாம். சரியான கணக்கு எத்தனை பேர் வீட்டைக் கெடுத்திருக்கிறதோ.

"அக்கா." சாகுல். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கிறான். விசையை விட்டு ஹெல்மெட்டைத் தூக்குகிறேன், வெளிச்சம் கூசுகிறது, மூக்கு நுனியிலிருந்து வியர்வை தகட்டில் விழுந்து சுர்ரென்கிறது. "மஞ்சளா போட்டுக் குடுத்திருக்காங்க?" என்கிறான். ஆமாம் என்கிறேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறான். "செவுத்துத் தாள்ல இருக்கற வோல்ட்டுக்கு இது ஓடாதுக்கா. வோல்ட்ட நல்லா எறக்கிக்க. டார்ச்சக் கிட்ட வெச்சுத் தொட்டுத் தொட்டு ஓட்டு, வெடிக்காது. நாங்க எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறோம்." "எல்லாருமா?" "பின்ன? தாள்ல இருக்கற மாரி ஓட்டுனா அடைக்கலண்ணன் கெதிதான்." சொல்லிவிட்டுத்தான் யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்திருக்கும், முகம் சுண்டிப்போய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். நான் குனிந்து என் மிஷினைப் பார்க்கிறேன். வோல்ட் இறங்கியிருக்கிறது. நான்தான் இறக்கியிருக்கிறேன். எப்போது இறக்கினேன் என்று எனக்கே தெரியாது. முதல் வெடிப்பில் கறுவிக்கொண்டு விசையை விட்டேனே, அப்போது இடது கை தானாகப் போய் வோல்ட் திருகைத் திருப்பிவிட்டு வந்திருக்கிறது, டார்ச் தானாகக் கிட்டே போயிருக்கிறது. குழந்தை அழுதால் தூக்கத்திலேயே கை போய்த் தட்டிக்கொடுக்குமே, அப்படி. வெல்டர் கை அப்படித்தான். முரண்டு பிடிக்கிற கம்பியைக் கெஞ்சிக் கொஞ்சிச் சமாளித்து ஓட்டிவிடும். அதைத்தானே கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் எல்லாரும் சமாளித்திருக்கிறார்கள். இந்த ஷெட்டில் இருக்கிற ஒவ்வொரு கையும் ரகசியமாக வோல்ட்டை இறக்கி, தொட்டுத் தொட்டு ஓட்டி, படத்தில் பாஸ் வாங்கி, கம்பி நல்ல கம்பி என்று சாட்சி சொல்லியிருக்கிறது. வாங்கினவனுக்குச் சந்தோஷம், விற்றவனுக்குச் சந்தோஷம், மஞ்சள் பெட்டி மேலும் மேலும் வருகிறது. ஒரே ஒரு ஆள் சமாளிக்கவில்லை. சுவரில் ஒட்டியிருக்கிற தாளில் என்ன வோல்ட் போட்டிருக்கிறதோ அதே வோல்ட், டார்ச் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதோ அதே தூரம். "தாள மாத்தணும்னா எழுதுனவங்க மாத்தட்டும், நான் யாரு மாத்த" என்பார். நான் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன், தாள் மாப்பிள்ளை, தாள் மாப்பிள்ளை என்று. எங்கள் மகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தால்கூட மூடியில் கோடு வரைக்கும் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அந்தத் தாள் சும்மா எழுதியது இல்லை, நீலப் பெட்டிக் கம்பியில் போட்டு வளைத்துப் பார்த்து, உடைத்துப் பார்த்து, இதுதான் பிடிக்கும் என்று எழுதியது. தாள் சரி. அதன்படி ஓட்டின கையும் சரி. மிச்சம் என்ன இருக்கிறது, கம்பி. இதைக் கண்டுபிடிக்க எந்த டாக்டரும் வேண்டாம், எவன் வாயையும் மோந்து பார்க்க வேண்டாம். சாகுலுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு சிரித்தார்களே. வாயில் வருகிறது, கெட்ட வார்த்தை, சொல்லிவிட்டேன், நன்றாக வாய் நிறையச் சொன்னேன், ஹெல்மெட் கேட்டுக்கொண்டது.

மறுபடி விசையை அழுத்துகிறேன். இறக்கின வோல்ட்டிலேயே ஓடுகிறது. கம்பி, உருகிய இரும்புக் குட்டையைத் தொடுகிறது, துளி ஒட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது, தொடுகிறது, இறங்குகிறது, வெடிக்கவில்லை. அழகாகத்தான் இருக்கிறது. படத்தில் பொத்தல் வராது. எனக்கு இந்த அழகைப் பார்த்தால் பற்றி எரிகிறது. ஏனென்றால் இதில் சூடு போதாது. மேலே அழகாக உட்கார்ந்துகொள்ளும், கீழ் அடுக்கைக் கடிக்காது, ஒட்டின மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. அந்தப் பிளவு மெல்லிய தாள் மாதிரி படுத்துக் கிடக்கும், எக்ஸ்ரே படத்திலும் பெரும்பாலும் சிக்காது. காற்றை அடைக்க அடைக்கத் தொட்டி உப்பும், விட விடச் சுருங்கும், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்தப் பிளவுக்கு வாய் கிடைத்துவிடும். பக்கத்தில் யார் நிற்பார்கள். ஸ்பின்னிங் மிஷின் பெண்பிள்ளைகள் யாராவது வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பார்களோ என்னவோ. என் நம்பர் இருக்கும் அதில். இருபத்து மூன்று யார் என்று கேட்பார்கள். கோபத்தை விட்டால் இந்தப் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதனால் கோபத்தை விடக்கூடாது, பிடி, கெட்டியாகப் பிடி. இப்படியே ஓட்டி முடித்தால் பாஸ், பொண்டாட்டி கை பாஸ், புருஷன் கை ஃபெயில், பதினேழு போச்சு, அவர் ஆயுசுக்கும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தாளில் உள்ளபடி ஓட்டினால் நானும் ஃபெயில். "குடும்பமே நரம்பு வியாதி போல" என்று சார் சிரிப்பார். இரண்டு பேரும் கிரைண்டர் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வேலையைவிட்டே போ என்றால் அதுவும்தான். இப்படித் தின்றால் கசக்கிறது, அப்படித் தின்றாலும் கசக்கிறது. கை மட்டும் தொட்டுத் தொட்டு அழகாக ஓட்டிக்கொண்டே இருக்கிறது, அதற்கு ஒரு கவலையும் இல்லை, ஜாயிண்ட் பாதிக்கு வந்துவிட்டது. நில். யாரைக் கேட்டு ஓட்டுகிறாய். நில் என்கிறேன்.

விட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தேன். பாதி பீடு செவசெவவென்று இருந்து மெல்லக் கறுத்தது. ஆறட்டும் என்று நின்றேன். குனிந்து பார்த்தேன், அழகான மினுமினுப்பு, கண்ணாடிச் செதில் மட்டும் இல்லை, அங்கங்கே தூசு மாதிரி ஏதோ, நீலப் பெட்டிக் கம்பி விடுமே அந்தப் பழுப்புச் செதில், அதில் கால்வாசிகூட இல்லை. எல்லார் கண் முன்னாலும் இல்லாமல் கிடக்கிறது. சாக்பீஸை எடுத்து, நிறுத்தின இடத்தில் தொட்டியின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். மிஷினிடம் போனேன். தாளைப் பார்த்து, அவர் செய்கிற மாதிரியே மீட்டர் முள்ளுக்கு நேராகக் கண்ணை வைத்து, வோல்ட்டைத் தாளில் உள்ள இடத்துக்கு ஏற்றினேன். அழுத்தினேன். டப் டப்பென்று அது ஆரம்பித்தது. இடது கை திருகைத் தேடிப் போனது, அடங்கு என்று இழுத்து டார்ச்சிலேயே வைத்தேன், வலது கை கிட்டே போகப் பார்த்தது, போகாதே, தூரம் தாளில் போட்டிருக்கிறது. ஊது, நன்றாக ஊது, தொங்கு, வெடி, உன் சீர் எல்லாருக்கும் தெரியட்டும். கழுத்தில் ஒன்று விழுந்தது, புறங்கையில் ஒன்று. துளி ஒவ்வொன்றும் வெடிக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம், சந்தோஷம் என்றா சொல்வது, பல்லைக் கடித்துக்கொண்டு வருகிற ஒன்று. இப்படித்தானே அவரும் நின்றிருப்பார். ஒவ்வொரு வெடிப்புக்கும் இது என் கையால்தானோ, என் கையால்தானோ என்று நினைத்துக்கொண்டு, அப்போதும் தாளை மீறாமல். இந்த இருட்டுக்குள் தனியாக. ஏன் என்னிடம் சொல்லவில்லை, சொன்னார், ரசம் ஊற்றும்போது சொன்னார், நான்தான் உங்கள் சிலிக்கான் ஆறிப்போகுது சாப்பிடுங்க என்றேன். கண் எரிகிறது. வியர்வைதான்.

ஜாயிண்ட் முடிகிற இடத்தில் குழி விடாமல் நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றும்போது டீ பெல் அடித்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பளபளப்பு, அந்தப் பக்கம் அம்மை போட்ட மாதிரி தெறிப்பு, தகடு முழுக்க. கேபிளை இழுத்துக்கொண்டு யாரோ வருகிற சத்தம், திரும்பினால் அவர்தான், கையில் கிரைண்டர், மூக்குவரை தூசு. தெறிப்பைத் தேய்க்க வந்திருக்கிறார். தன்மேல் பழி போட்ட கம்பி விட்டுப்போன சாட்சியை எல்லாம் தினம் தினம் தன் கையாலேயே தேய்த்து எடுக்கிற மனுஷன். "தள்ளு ஜெசி, க்ளீன் பண்ணிட்டு டீக்குப் போலாம்." "தொடாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது. அவர் அப்போதுதான் தகட்டைப் பார்த்தார். கிரைண்டரைக் கீழே வைத்தார். மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, தெறிப்பின்மேல் கட்டைவிரலை ஓட்டினார். சூடு இருக்கும், ஓட்டினார். "இது நான் போட்டது மாரியே இருக்கு." "தாள்ல இருக்கற வோல்ட்டு" என்றேன். அவர் எழுந்துபோய் முள்ளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், திரும்ப முள்ளைப் பார்த்தார். நான் சொன்னால் போதாதா, பார்த்தே ஆக வேண்டுமா. வந்து கோட்டுக்கு இந்தப் பக்கத்து மினுமினுப்பைத் தொட்டார். "இது?" "வோல்ட்ட எறக்கி, தொட்டுத் தொட்டு. எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்களாம். எல்லாரும். உங்களத் தவிர." பக்கத்துக் கூண்டில் சாகுல் டார்ச்சை மாட்டுகிற சத்தம்கூட வரவில்லை.

"என்னம்மா இது, என்ன பண்ணி வெச்சிருக்க?" கலியமூர்த்தி சார். சிரிப்பைக் காணோம். "தாள்ல இருக்கறதப் பண்ணிருக்கேன் சார்." "பாதி நல்லாத்தான ஓட்டிருக்க, அப்பறம் என்ன வந்துச்சு?" "நல்லா இருக்கற பாதிதான் சார் தப்பு. அத வெட்டிப் பாருங்க, கீழ புடிச்சிருக்காது. படம் இங்க எடுங்க." தெறிப்பு விழுந்த இடத்தில் சாக்பீஸால் பெரிதாக ஒரு வட்டம் போட்டேன், சாக்பீஸ் உடைந்தது. அவர் என்னைப் பார்க்காமல், "அடைக்கலம், என்ன வேடிக்கை? அடிச்சு விடு, பளிச்சுனு ஆக்கு. காலையில இன்ஸ்பெக்டர் வர்றாரு" என்றார். அவ்வளவுதான், இவர் எடுத்துவிடுவார், எனக்குத் தெரியும், ஊது என்றால் ஊதுகிறவர், இப்போது குனிகிறார், கிரைண்டருக்குத்தான் குனிகிறார், கடவுளே, இந்த மனுஷனை. கிரைண்டரை எடுத்தார். கேபிளைப் பிடித்துக்கொண்டே போய், ப்ளக்கைப் பிடுங்கினார். "இன்ஸ்பெக்டர் பாக்கறதுக்கு முன்னாடி தேய்க்கக் கூடாதுன்னு தாள்ல இருக்கு சார்" என்றார். "எது?" "கடைசிக்கு முந்துன வரி. நாம இவ்ளோ நாளாத் தப்பாப் பண்ணிட்டு இருந்தோம்." கேபிளைச் சுருட்டினார், வளையம் வளையமாக, ஒரே அளவாக. "அந்தத் தாள் நீலப் பெட்டிக் கம்பிக்கு எழுதுனது சார். இந்தக் கம்பிக்கு ஒரு தாள் எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் நான் ஊதிக் காட்ட மாட்டேன்." சாருக்கு அவர் கடைசியாகச் சொன்னது விளங்க ஒரு கணம் ஆனது. விளங்கினதும், "ரெண்டு பேருக்கும் நாளைக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் போனார். சிரித்துக்கொண்டு போகவில்லை.

நாளைக்கு என்ன இருக்கிறதோ இருக்கட்டும். ஜாயிண்ட் போட்டால் நம்பர் குத்த வேண்டும். அச்சுப் பெட்டியைத் திறந்தேன், இரண்டை எடுத்துத் தெறிப்புப் பக்கமாக, வட்டத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். சுத்தியலை ஓங்கினால் கை நிற்கவில்லை. என் கை. கிடுகிடுவென்று ஆடுகிறது, அச்சு தகட்டில் டகடகவென்று தட்டுகிறது, பயமா கோபமா எனக்கே தெரியவில்லை, இரண்டும்தான். அவர் அதைப் பார்த்தார். "ஒனக்குக் கை நடுங்குது" என்றார். எத்தனை நாள் கழித்து அந்தக் குரலில் கொஞ்சம் கேலி. "ஆமா, நடுங்குது, என்ன இப்ப?" என்றேன். என் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டார். "நீ புடி, நான் அடிக்கிறேன்." அச்சு விரல் நீளம்தான் இருக்கும், அதைச் சுற்றி என் மூன்று விரல்கள், அதற்கு மேலே சுத்தியல். அவர் தூக்கிவிட்டு நின்றார். தூக்கின கையைப் பார்த்தார், நடுங்குகிறதா என்று பார்க்கிறார், இப்போதும் பார்க்கிறார், எனக்கு எங்கிருந்தோ பொத்துக்கொண்டு வந்தது. "கையப் பாக்காதீங்க. நம்பரப் பாருங்க. அடிங்க." விரலை எடுக்கவில்லை. அடித்தார். அடுத்து மூன்றை எடுத்து வைத்தேன், அதற்கும் விரலை எடுக்கவில்லை, அடித்தார். குனிந்து ஊதித் தூசை விலக்கிப் பார்த்தேன். இருபத்து மூன்று, இரண்டு எண்ணும் ஒரே ஆழத்தில், நேராக விழுந்திருந்தது.